மாமா வண்டி பார்க்கிறார்

“இதுல தெளிவா இருக்கா... இல்ல, இதுலயா?” என்று கேட்டு மாமா லென்ஸைத் திருப்புகிறார். நாற்காலியில் இருக்கும் அம்மாள் முதலாவது என்கிறார். “அவசரமே இல்ல. இன்னொரு தடவை பாருங்க. இது... இது.” இரண்டாவது என்கிறார் அம்மாள். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கண்ணு, நீங்க சொல்றதுதான்.” அம்மாளுக்கு இப்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. பரீட்சையில் கோட்டைவிட்டவர் மாதிரி என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நான் என்ன செய்வேன்? வண்டி பார்க்கப் போகணும், சீக்கிரம் வா என்று கூப்பிட்டதால் வந்து, மூலை ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பவன் நான்.

இவர் என் அக்காவின் கணவர், எனக்கு மாமா. மருந்துக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடை இவருடையது. முன்புறம் ஃப்ரேம்கள் மாட்டிய சுவர், பின்புறம் கண் பரிசோதிக்கிற இருட்டறை. வட்ட முகத்துக்கு எது, நீண்ட மூக்குக்கு எது என்று ஊருக்கெல்லாம் ஃப்ரேம் எடுத்துக் கொடுப்பவர். இவருடைய சொந்தக் கண்ணாடியின் காதுக் கம்பி உடைந்து, டேப் சுற்றி நிற்கிறது. புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்களேன் என்றால் சுவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “எடுக்கணும் மாப்ள. ஆனா எத எடுக்கறதுன்னுதான்...” என்று இழுப்பார். அந்த வாக்கியத்தை அவர் முடித்து நான் கேட்டதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். கூடத்து ஜன்னலுக்குத் திரை வாங்க வேண்டும் என்று பேச்செடுத்தபோது சின்னவன் பிறந்திருக்கவில்லை. இப்போது அவன் பள்ளிக்கூடத்தில் கையைக் காலை உடைத்துக்கொள்கிற வயதுக்கு வந்துவிட்டான். ஜன்னலில் இன்னும் பழைய படுக்கை விரிப்புதான் தொங்குகிறது. துணிக்கடையில் மாதிரிக்கென்று கொடுத்த துண்டுகளை மாமா வாங்கி வந்து வாங்கி வந்து சேர்த்ததில், அவற்றை ஒட்டுப்போட்டுத் தைத்து அக்கா ஒரு மேசை விரிப்பே செய்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் கை தாராளம். சோம்பேறியும் இல்லை, ஒரு பொருளை வாங்காமல் இருப்பதற்கு அவர் அலைகிற அலைச்சலில் பாதி அலைந்தால் நாமெல்லாம் வாங்கிவிட்டு வந்து தூங்கியிருப்போம். ஒன்றை எடுத்தால் மற்றது கைவிட்டுப் போகிறது என்பது அவருக்குத் தாங்கவில்லை. அந்த மற்றதுதான் நல்லதாக இருந்திருக்குமோ என்னவோ.

இப்படிப்பட்டவர் கையில்தான் போன மாதம் அக்காவின் வேலை வந்து மாட்டியது. அக்கா ரத்தப் பரிசோதனை லேபில் இருந்தவள். சின்னவன் பிறந்தபோது விட்டாள். நுண்ணோக்கியைத் தொடாமல் இருந்த வருஷங்களில் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாமல் இருந்ததிலிருந்தே எங்களுக்குத் தெரிந்தது. ஊர்க்கோடியில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதிகாலை முறை. அந்த நேரத்துக்கு முதல் பஸ்ஸின் டிரைவரே எழுந்திருக்க மாட்டார். வண்டி இருந்தால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதை மாமாவிடம் சொன்னதும் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

வண்டி தானாகவே வந்து சேர்ந்தது என்றும் சொல்லலாம். கண்ணாடி மாற்ற வந்த பாட்டு டீச்சர், மகளோடு போய் இருக்கப்போவதாகவும் தன்னுடைய ஹைப்ரிட் காரை விற்பதாகவும் சொன்னார். பழசுதான், ஆனால் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், குடும்பமே தாராளமாக உட்காரலாம் என்றார். மாமா அன்றைக்கே எனக்கு அந்த வண்டியை விளக்கினார்.

“பாதி பெட்ரோல், பாதி கரண்ட் மாப்ள.”

“அப்ப பெட்ரோல் தீந்தா கரண்ட்ல ஓடுமா?”

“ரொம்ப தூரம் ஓடாதாம்.”

“கரண்ட் தீந்தா?”

“தீராதாம். அதுவே ஏத்திக்குமாம்.”

“எதுலேர்ந்து ஏத்திக்கும்?”

“பிரேக் போட்டா ஏறுமாம்.”

“என்ன மாமா இது. நிறுத்த நிறுத்த ஓடுற வண்டியா?”

மாமா காதுக் கம்பியின் டேப்பை அழுத்திவிட்டுக்கொண்டார். “அப்படித்தான் சொல்றாங்க” என்றார் கடைசியில். எங்கள் இருவருக்கும் புரிந்தது அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அவர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டதுதான் வேடிக்கை. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதைத் தவிர வண்டியைப் பற்றி வேறொன்றும் தெரியாது.

அடுத்த நாள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் மாமா குந்தி உட்கார்ந்து, மீட்டர் பெட்டியிலிருந்து தம்முடைய இடம் வரைக்கும் கயிறு போட்டு அளந்துகொண்டிருந்தார். அதுவே ஏற்றிக்கொள்ளும் என்பதில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை; வண்டிக்கு சார்ஜ் போட வேண்டிவந்தால் ஒயர் எட்டுமா என்று பார்க்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் நீளமாகவே வாங்கிடுங்க என்று யோசனை சொல்ல, எதிர்வீட்டுக்காரர் தடியான ஒயராக வாங்க வேண்டும் என்று சொல்ல, மாமா நீளமாகவும் தடியாகவும் ஒரு சுருள் ஒயர் வாங்கி வந்துவிட்டார். கவனிக்க வேண்டும்: வண்டியை வாங்கவில்லை, ஒயரை வாங்கிவிட்டார். பாட்டு டீச்சருக்குப் போன் செய்து சொருகுகிற இடம் முன்னாலா பின்னாலா என்று கேட்டபோதுதான், இந்த வண்டியில் அப்படி ஓர் இடமே கிடையாது, பெட்ரோல் போட்டால் போதும் என்று அவர் சொன்னார். மாமா போனை வைத்துவிட்டு நெடுநேரம் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் நடந்தது இதைவிட மோசம். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தார். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, எதிரே சுவர் எது கதவு எது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவரிடம், “உங்களுக்கு ஹைப்ரிட் வண்டி பத்தி ஏதாவது தெரியுங்களா?” என்பார். அவர்களும் சும்மா இருப்பார்களா? கண் தெரியாத நேரத்தில் வாயாவது வேலை செய்யட்டும் என்று அளப்பார்கள். டாக்ஸி ஓட்டுகிற ஒருவர், “கண்ண மூடிட்டு வாங்குங்க சார். ஊருக்குள்ள நின்னு நின்னு ஓட்டுறதுக்கு அதுமாதிரி வராது. பிரேக் கட்டை தேயறதே இல்ல” என்றார். மாமாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதே நாற்காலியில் அடுத்து உட்கார்ந்த, வங்கியில் வேலை பார்க்கிற ஓர் அம்மாள், “ஐயோ, எங்க மச்சினர் வாங்கிட்டுப் பட்ட பாடு. பேட்டரி போச்சுன்னா வண்டியே போச்சுன்னு வச்சுக்கங்க” என்றார். வந்த வெளிச்சம் போய்விட்டது. மூன்றாமவர், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் முழுக்க கரண்டில் ஓடுகிற வண்டியே மலிந்துவிடும் என்றார். “பொறுக்கலாம், ஆனா சனிக்கிழமை பொறுக்காதே” என்றார் மாமா. அந்த மூன்றாமவருக்கு லென்ஸைத் தலைகீழாக மாட்டிவிட்டு, எழுத்து சாய்ந்து தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகு கழற்றினார்.

எங்கள் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “ரெண்டுங்கெட்டான். பெட்ரோல் வண்டின்னா பெட்ரோல் வண்டியா இருக்கணும். கரண்ட் வண்டின்னா கரண்ட் வண்டியா இருக்கணும்.” அப்பா வாழ்க்கையில் எந்த வண்டியும் ஓட்டியதில்லை. ஆனால் மாமனார் பேச்சை மாமா காற்றில் விடமாட்டார். அதையும் சுமந்துகொண்டு அலைந்தார்.

முதல் தடவை வண்டி பார்க்கப் போனோம். பாட்டு டீச்சர் வீட்டு முன்னறை முழுக்க மூட்டையும் பெட்டியும். ஒரு கொழுத்த சாம்பல் பூனை எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் சாவியைக் கொடுத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள் என்றார். மாமா அழுத்தினார். விளக்குகள் எரிந்தன. சத்தம் இல்லை. “ஸ்டார்ட் ஆகலையே” என்று மறுபடி அழுத்தினார். விளக்குகள் அணைந்தன. மறுபடி அழுத்தினார், எரிந்தன. “ஆயிடுச்சு சார்” என்றார் டீச்சர். “எங்க டீச்சர், ஒண்ணும் கேக்கலையே” என்று மாமா இன்னொரு முறை அழுத்தி அணைத்தார். இப்படியே அவர் எழுப்பவும் தூங்கவைக்கவுமாக இருக்க, டீச்சர் பாட்டு வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டுகிற பொறுமையோடு, “கைய எடுங்க சார். இப்ப போங்க” என்றார். போனது. பூமி நழுவுவதுபோல வண்டி தானாக நழுவியதும் மாமா ஐயையோ என்று பிரேக்கை ஓங்கி மிதிக்க, எனக்கு நெற்றி இடித்தது.

சந்துக்குள் போனால், முன்னால் ஒருவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடு வழியில் நடந்துகொண்டிருக்கிறார். பின்னால் வண்டி வருவது அவருக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? எங்களுக்கே கேட்கவில்லை. ஹாரன் அடிங்க மாமா என்றேன். “திடீர்னு அடிச்சா பயந்து ஏணியோட விழுந்துடுவாரே” என்றார். சரி, கூப்பிடுங்கள் என்றேன். “தெரியாத மனுஷன எப்படிக் கூப்பிடறது?” கடைசியில் அந்தச் சந்து முழுவதும் ஏணிக்காரர் பின்னாலேயே ஊர்வலம் போல ஊர்ந்தோம். அவர் ஒரு வீட்டு வாசலில் ஏணியை இறக்கித் திரும்பிப் பார்த்து, மூக்குக்கு நேரே வண்டி நிற்பதைக் கண்டு, விழாத குறையாகத் துள்ளினார். திட்டினார் பாருங்கள், அதில் ஒரு வார்த்தையும் அச்சில் ஏற்ற முடியாது.

“நல்ல வண்டிதான் போல” என்றார் மாமா திரும்பும்போது. சற்று நேரம் கழித்து, “இல்லையா?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், என்னைக் கேட்டாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? வண்டி ஓடியது. சத்தம் போடாமல் ஓடியது. அது அதன் குணமா, குறையா என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

இந்த மாதிரி வண்டிகளையே பார்க்கிற ஒரு மெக்கானிக்கைப் பிடித்து இரண்டாம் தடவை போனோம். அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் எதையோ சொருகி, கையகலத் திரையில் ஏறி இறங்குகிற கோடுகளைப் பார்த்தார். பின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வலையைக் கழற்றி, அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு போர்வையையே உருவினார். எல்லாம் பூனை முடி. “பேட்டரிக்குக் காத்து போற வழி சார் இது. அடைச்சுக்கிட்டா சூடாயிடும். சுத்தம் பண்ணிட்டேன்” என்றார்.

“அப்ப இத்தன நாளா சூடாவே இருந்திருக்குமா?”

“இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.”

“பேட்டரி எப்படி இருக்கு?”

“பரவாயில்ல சார்.”

“பரவாயில்லன்னா... நல்லா இருக்குன்னா? இல்ல, நல்லா இல்ல ஆனா சமாளிக்கலாம்னா?”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பூனையைப் பார்த்தேன். “இன்னிக்கு நல்லா இருக்கு சார். எஞ்சினும் நல்லா இருக்கு. நாளைக்கு எப்படி இருக்கும்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது” என்றார். டீச்சர் வண்டியை வீட்டுக்கும் பள்ளிக்கும் மட்டும்தானே ஓட்டினார், அது நல்லதில்லையா என்று மாமா கேட்டார். எஞ்சினுக்கு நல்லது, ஆனால் பேட்டரிக்கு ஓடிக்கொண்டே இருந்தால்தான் நல்லது என்றார் அவர். “அப்ப நல்லதா, கெட்டதா?” “ரெண்டும்தான் சார்.” மாமா தலையாட்டினார். குழப்பத்துக்குள் ஒரு நிபுணரும் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் அக்காவை அவர் ஒரு தடவைகூட வண்டி பார்க்கக் கூட்டிப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். “அவளுக்கு ஆசை காட்டிட்டு, அப்புறம் வேண்டாம்னு சொன்னா நல்லா இருக்காது மாப்ள. நான் மொதல்ல உறுதி பண்ணிடறேன்.” இவர் உறுதி பண்ணி எப்போது அவளைக் கூட்டிப்போவது? நானும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது பெரியவளும் சின்னவனும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மாமா அவளுக்கு எதிரே உட்கார்ந்து, டாக்ஸிக்காரர் சொன்னது ஒரு பக்கம், வங்கி அம்மாள் சொன்னது ஒரு பக்கம் என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்:

“வேலைக்கு வரலன்னு சொல்லிடட்டுமாங்க?”

மாமா வங்கி அம்மாளைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“வேண்டாம்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா சொல்லுங்க, நாளைக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். வருத்தம் இருக்கும், பொறுத்துக்குவேன். இந்த அந்தரத்துல தொங்கறதுதான் முடியல.”

மாமா கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியால் துடைத்தார். சட்டையால் துடைத்தால் கீறல் விழும், பஞ்சுத் துணியால்தான் துடைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர். துடைத்துவிட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. “மறுபடியும் நின்னுடுச்சுன்னா?” என்றார்.

இதை வாசகர்களுக்கு விளக்க வேண்டும். இவர்களுக்கு முன்பு ஒரு கார் இருந்தது. மாமா தம் வாழ்நாளில் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்த ஒரே காரியம் அதை வாங்கியதுதான். கடைக்கு வந்த ஒருவர் விற்கிறேன் என்றார், இவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார், முடிந்தது. ஒரு மழை நாளில் பெரியவளுக்கு மூச்சிரைப்பு வந்து, அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போனாள். பெரிய பாலத்தின் உச்சியில் வண்டி செத்துப் போனது. பின்னால் ஹாரன், வெளியே மழை, பக்கத்தில் குழந்தை மூச்சுக்குத் திணறுகிறாள். அக்கா திரும்பத் திரும்பப் போன் செய்தாள். மாமாவின் போன் கடையின் முன்புற மேசைமேல் இருந்தது. மாமா இருட்டறைக்குள் யாருக்கோ இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒரு லாரிக்காரர்தான் அம்மாவையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போனார். பெரியவள் அன்றைக்கே சரியாகிவிட்டாள். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். யாரும் மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு இருட்டறையிலும் போன் அவர் சட்டைப் பையில்தான். கண் பரிசோதனை நடுவில் அது ஒளிர்ந்து, எழுத்துப் பலகையைக் கெடுக்கும், இருந்தாலும் அணைக்கமாட்டார்.

“நின்னா நிக்கட்டும்” என்றாள் அக்கா. “பாலத்துல நின்னது நான். நீங்க கடையில இருந்தீங்க. நானே அத எறங்கி வந்துட்டேன். நீங்கதான் இன்னும் அங்கயே நின்னுட்டு இருக்கீங்க.”

சின்னவன் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உங்க கடைக்கு வர்றவங்களுக்கு எழுத்து தெரியுதான்னு சாவிக் கடைக்காரரையா கேக்கறீங்க? ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம கேட்டாச்சு. எங்கப்பாவையே கேட்டாச்சு. ஓட்டப்போறவ இங்க துணி மடிச்சிட்டு இருக்கேன்.”

“நீ நல்லாத்தான் கேக்கற” என்றார் மாமா மெதுவாக. “ஆனா விடியாத நேரத்துல நீ தனியாப் போவியே. அத நெனச்சாத்தான் எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டேங்குது.” அக்கா எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு என்னிடம், “நாளைக்குக் காலையில நானும் வர்றேன்” என்றாள்.

சனிக்கிழமை டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். மத்தியானத்துக்குள் வேறொருவர் பார்க்க வருகிறார், அவர் எடுத்துக்கொள்வார் போலத்தான் தெரிகிறது என்றார். மாமா என் காதில், “எடுத்துக்கட்டும்னு விட்டுடலாமா மாப்ள? யாரோ எடுக்கறாங்கன்னா நல்ல வண்டின்னுதான அர்த்தம்? அப்ப நாமளே எடுக்கலாமோ?” என்றார். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல அவரால்தான் முடியும். அதற்குள் அக்கா ஓட்டுநர் சீட்டில் ஏறியிருந்தாள். அக்கா குள்ளம், மாமாவுக்குத் தோள் உயரம்கூட வரமாட்டாள். அவர் உட்கார்ந்து ஓட்டியிருந்த தூரத்தில் அவள் கால் மிதிகட்டையை எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் கம்பியைத் தேடிப் பிடித்து, சீட்டை முன்னால் இழுத்து, உயர்த்தி, கண்ணாடிகளைத் திருப்பி, பட்டனை ஒரே தடவை அழுத்தினாள். “கைய எடுத்துட்டேன்” என்றாள் சிரிக்காமல்; அந்தக் கதையை நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். மாமா அவள் பக்கத்தில், நான் பின்னால்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே ஓட்டினாள். அந்தப் பெரிய பாலம் வழியாகத்தான் போக வேண்டும்; வேறு வழி கிடையாது. பாலம் ஏறும்போது எஞ்சின் லேசாக முனகியது. உச்சியில் நெரிசல். முன்னால் ஒரு லாரி நிற்க, அக்கா நிறுத்தினாள். முனகலும் நின்றது. வண்டிக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“நின்னுடுச்சு” என்றார் மாமா.

“நிக்கலீங்க. சும்மா இருக்கு.”

“எஞ்சின் ஆஃப் ஆயிடுச்சு.”

“நிறுத்தினா அது அப்படித்தான் இருக்கும்னு நீங்கதான எனக்குச் சொன்னீங்க.”

சொன்னவர் அவர்தான். எனக்கும் சொல்லியிருக்கிறார், படம் போட்டு. ஆனால் தெரிந்தது ஒன்று, பாலத்து உச்சியில் அந்த அமைதிக்குள் உட்கார்ந்திருப்பது ஒன்று. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார். மாமாவின் கை கதவுப் பிடியை இறுக்கியது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயந்தது வண்டிக்காகவா மாமாவுக்காகவா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்கா மட்டும் ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்து, லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தோரம் வேர்த்திருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். லாரி நகர்ந்தது. சத்தமே இல்லாமல் நாங்களும் நகர்ந்தோம். இறக்கத்தில் பாதி வந்த பிறகுதான் மாமா கதவை விட்டார்.

திரும்பி வந்ததும் அக்கா டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “இது உங்கள எங்கயாவது கைவிட்டிருக்கா டீச்சர்?”

“ஒரு தடவை. லீவுக்கு மக வீட்டுக்குப் போயிட்டு வந்தேன், அந்தச் சின்ன பேட்டரி ஒண்ணு உண்டு, அது இறங்கிப் போயிருந்துச்சு. இதே வாசல்லதான். பக்கத்து வீட்டுக்காரர் அவர் வண்டியிலேர்ந்து ஒயர் போட்டு அதுக்கு உயிர் கொடுத்தார். நடு ரோட்டுல விட்டதில்லம்மா. பொய் சொல்லிட்டு நான் எங்க போகப்போறேன்?”

மாமா முகம் சுருங்கியது. பேட்டரி இரண்டு என்பது அவருக்குப் புதுச் செய்தி. கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய கண்ணில் எழும்புவதைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். “எனக்குப் பிடிச்சிருக்குங்க” என்றாள். “நீங்க சொல்லுங்க.”

டீச்சர், நான், அக்கா மூவரும் அவரையே பார்த்தோம். பெட்டி மேலிருந்த பூனைகூடப் பார்த்தது. மாமா வண்டியை ஒருதரம் சுற்றி வந்தார். சக்கரத்தை லேசாகக் காலால் தட்டினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“எனக்கு இன்னும் ஒண்ணும் புரியல” என்றார். “நல்லதா கெட்டதான்னு சத்தியமா புரியல.” டீச்சர் பக்கம் திரும்பினார். “வர்றேன்னவங்கள வர வேண்டாம்னு சொல்லிடுங்க டீச்சர்.”

டீச்சருக்கு முகம் மலர்ந்தது. வண்டியை வீடுவரை கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். “நீங்களே ஓட்டிட்டுப் போங்க சார்” என்று சாவியை மாமாவின் கையில் வைத்தார்.

மாமா ஓட்டுநர் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. சீட்டைப் பின்னால் தள்ள அடியில் கையை விட்டு, கம்பியைத் தேடிப் பிடித்தார். பிடித்தபடியே சற்று நேரம் குனிந்து இருந்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, முழங்கால்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு வெளியே இறங்கி, சாவியை அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டதும் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.